மஞ்சுவுக்காக முன் பிரேக்

ஜூன் 14, சனி

காலையிலிருந்து தூறல். கர்நாடகா மேகம். எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்காமல் வந்துவிடுகிறது. துணி காயவில்லை. நேற்றைய பனியனே இன்றும். இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. மாடிக் குழாய் அடைப்பு. முடி வெட்ட (இருக்கிறவரை).

மஞ்சு பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். எனக்கா குக்கருக்கா என்று தெரியாத மாதிரி.

"ஒண்ணாந்தேதியிலேருந்து கோல்ட் ரூம் என் பொறுப்பாம். சாவி என் கையில. காலையில ஏழுக்குத் திறக்கணும்."

தளிக்குப் போகிற வழியில் ஒரு ரோஜாப் பண்ணை. பத்தொன்பது வருடமாக அங்கே வேலை. தண்டில் இலை உரிக்கச் சேர்ந்தவள், பிறகு சொட்டுநீர், பிறகு பூ தரம் பிரிப்பது. இப்போது குளிர் அறைக்கே பொறுப்பு. நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். குவாலிட்டி இன்ஸ்பெக்டராகவே இருக்கிறேன். நிலையான மனிதன்.

"சபாஷ்!" என்று கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது: எப்படிப் போவாள்? பண்ணை பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஏழுக்கு முன் கொண்டுவிடும் பஸ் கிடையாது. ஸ்கூட்டி என்றால் விடிகாலையில் அந்தப் பாதையில் யானை. எனக்கு ஆறு மணி ஷிஃப்ட். வீட்டு வாசலில் கார் சும்மா நிற்கிறது. மஞ்சுவிடம் லைசென்ஸும் இருக்கிறது.

"கார்தான் இருக்கே" என்றேன்.

குழாயை மூடினாள். "அந்த வண்டிப் பேச்சை எடுக்காதீங்க. ஏழு மணிக்குப் போக முடியலன்னா வேற ஆளுக்குக் குடுப்பாங்க. குடுக்கட்டும்."

அந்தக் 'குடுக்கட்டும்'மில் தேய்த்த தேய்ப்பில் குக்கர் ஓட்டையாகாதது அதிசயம்.

காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் பொங்கல் கழிந்து, தளிப் பக்கம் அவள் தம்பி நாகராஜ் வீட்டுக்குப் போனோம். மஞ்சு ஓட்டினாள். களத்துக்கு இறங்கும் சரிவில் வண்டி நிற்கவில்லை. எதிரே நாலு பெண்கள் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சு ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி நேராக ராகி வைக்கோல் போரில் ஏறி நின்றது. ஒருவருக்கும் கீறல் இல்லை. "பிரேக் பிடிக்கல" என்றாள், ஸ்டியரிங்கை விடாமல். நான் இறங்கி, தலையில் வைக்கோலோடு, கூட்டத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, எங்க வீட்டம்மா வண்டிக்குத் தீனி வைக்க வந்தாங்க" என்றேன்.

சிரிப்பு. அதோடு விட்டேனா? அதற்குப் பிறகு எல்லா விசேஷத்திலும் அந்தக் கதைதான். ஒவ்வொரு தடவையும் மெருகு. கடைசியாகச் சொன்னபோது போரிலிருந்து ஒரு கோழி இறங்கி வந்து மஞ்சுவிடம் லைசென்ஸ் கேட்டது.

அன்றிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை. ஒன்றரை வருடம்.

முடிவு: முன் பிரேக்கை மாற்றப்போகிறேன். வண்டிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். அந்தக் காலத்துச் சின்ன டிஸ்க், கல் மாதிரி பெடல். பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர் போட்டால் மெல்ல மிதித்தாலே நிற்கும். அப்புறம் கேட்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டு. என் வண்டியின் அண்ணன் மாதிரி ஒன்று, அதே உடம்பு, பெரிய இன்ஜின், மூக்கு மட்டும் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. கேலிப்பர் இரண்டும் அருமை. கேலிப்பர் என்றால் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்வி (மஞ்சுவுக்கு விளக்க ஒத்திகை. அவள் கேட்கவில்லை).

கடைக்காரர், "ஆளு அனுப்பறேன் சார், நீங்க எதுக்கு மண்ணுல உக்காந்துக்கினு?" என்றார். கேட்பேனா? வண்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து நானே கழற்றினேன். கழற்றிய கையோடு டேக். என் இடது கைப் பக்கம் இருந்ததில் 'இடது'. வலது கைப் பக்கம் இருந்ததில் 'வலது'. கம்பெனி மஞ்சள் டேக், கம்பெனி மார்க்கர், என் கையெழுத்து. கடைக்காரர் அசந்துவிட்டார். நானும்தான், என்னைப் பார்த்து.

டிஸ்க்கும், அதை உரசி நிறுத்தும் பேடும் புதிதாக ஆர்டர். கேலிப்பர் துரு நீக்கிப் பெயின்ட் அடிக்க சிப்காட்டில் நண்பர் பட்டறைக்கு.

முழங்கால் வலி. மஞ்சு தைலம் நீட்டினாள், எதுவும் கேட்காமல்.

ஜூன் 17, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து மெக்கானிக் முனிரத்தினம் கடை. பழைய பிரேக்கைக் கழற்றும் நாள். முனிரத்தினம் வாயில் மூன்று பாஷை, நாலாவதாகப் பாக்கு. வீல் கழற்றுவதற்குள் இந்தப் பக்கத்தில் யார் வண்டி யார் பேரில், யார் வீட்டில் சண்டை எல்லாம் வந்துவிட்டது. இடது கேலிப்பரைத் தொட்டதும் பேச்சு நின்றது. முனிரத்தினம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"சார், இந்த வண்டிய யார் ஓட்டறது?"

"நான்தான்."

"எப்டி நிக்குது?"

"நிக்குதே."

"நோடி சார் இங்க." கம்பியால் தட்டினார். கேலிப்பர் நகர்வதற்கு இரண்டு இரும்புப் பின் இருக்கிறது. இரண்டும் துருவேறி அப்படியே செத்துக் கிடக்கின்றன. ஒரு பக்கத்துப் பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. மறுபக்கத்துப் பேட் புதுப்பெண் மாதிரி. வலது வீலில் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைப்பு. "இது வருஷக்கணக்கா இப்டி இருக்கு. டவுன்ல மெதுவா போனா தெரியாது. சரிவுல எவனாலயும் நிறுத்த முடியாது சார். நானே ஓட்டினாலும்."

தேய்ந்த பேடைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டு தடவ மிதிப்பீங்களா?"

காற்றில் காலை வைத்து மிதித்துப் பார்த்தேன். ஆமாம். ஒரு சின்ன மிதி, அப்புறம் பெரிய மிதி. எப்போது பழகினேன் என்றே தெரியவில்லை. வண்டி சீக்கானதை என் கால் கண்டுபிடித்து, என்னிடம் சொல்லாமலே வைத்தியம் பார்த்து வந்திருக்கிறது. மஞ்சுவின் காலுக்கு யார் சொன்னது?

"அன்னிக்கு போர் மேல ஏத்தினாங்கன்னு சொல்லிச் சிரிப்பீங்களே அக்காவ" என்றார் முனிரத்தினம், துணியில் கை துடைத்துக்கொண்டு. "அவங்க ஏத்தலன்னா நாலு பேரு போயிருப்பாங்க."

தேய்ந்த பேட், தேயாத பேட், செத்த இரும்புப் பின். மூன்றையும் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனம்.

ஜூன் 18, புதன்

கம்பெனியில் ஒரு ரிஜெக்‌ஷன். லைன் இன்சார்ஜ் காரணத் தாள் கொண்டுவந்தான். 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு.' வழக்கம்போல் நான் திருப்பி விட்டெறிந்தேன், வழக்கமான பிரசங்கத்தோடு: "ஆள் மேல எழுதறது சுலபம்ப்பா. மெஷினைப் பாத்தியா? இன்னொரு தடவ ஏன்னு கேட்டியா?" இருபத்தெட்டு வருடமாக இதே பிரசங்கம். பக்கத்து மேஜைக்காரர் உதட்டசைத்துக் கூடவே சொல்வார்.

இன்று பாதியில் நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன்.

வீட்டுத் தாள் இப்படி இருந்திருக்க வேண்டும்:

வண்டி ஏன் நிற்கவில்லை? கேலிப்பர் செத்துவிட்டது.
ஏன்? யாரும் பார்க்கவில்லை.
ஏன்? பார்க்க வேண்டியவன் கோழிக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தான்.

மஞ்சுவிடம் சொல்ல நாலு தடவை ஆரம்பித்தேன். நாலு தடவையும் ஜோக் மாதிரி ஆரம்பித்தது. இந்த வாய்க்கு வேறு கியர் இல்லை.

ரசம் நன்றாக இருந்தது. அதையாவது சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

தளிப் பக்கம், நாகராஜ் பேத்திக்குக் காதுகுத்து. குளிர். இங்கே ஜூனிலும் ஸ்வெட்டர். கார் கடையில் கிடப்பதால் பஸ்ஸில். மஞ்சு ஜன்னல் ஓரம். என் கையில் சாப்பாட்டுப் பை, பைக்குள் பேப்பர் பொட்டலம்.

ஆசாரி காதைத் தொடுமுன்பே குழந்தை அழுதது. விவரமான குழந்தை.

சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்பார்த்தது நடந்தது. நாகராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டான். "பாவா, அந்தக் கோழி கதை! சம்பந்தி வூட்டுக்காரங்க கேட்டதில்ல." முப்பது பேர் திரும்பினார்கள். மஞ்சு வெற்றிலைத் தட்டோடு உள்ளே போகப் பார்த்தாள்.

"இரு மஞ்சு" என்றேன். எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்கு அவள் மேல் தப்பில்லை. பிரேக் செத்திருந்தது. அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. வண்டி என் பொறுப்பு.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாவா புதுசா சேத்துட்டாரு!" என்றான் நாகராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முகத்தப் பாரு, எப்டி வெச்சுக்கினு சொல்றாரு!" நான் உண்மை, உண்மை என்றேன். சிரிப்பு இன்னும் ஏறியது. ஐம்பத்திரண்டு வருடம் கோமாளியாக இருந்தால் மன்னிப்புக்குக்கூடக் கைதட்டல்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

கம்பெனியில் வாய்ப்பேச்சு எடுபடாது. குறையுள்ள பொருளை மேஜையில் வைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து நாகராஜ் கையில் கொடுத்தேன். அவன் டிராக்டர் ஓட்டுகிறவன். தேய்ந்த பேடைப் பார்த்தான். தேயாததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பின்னைத் திருகிப் பார்த்தான். சிரிப்பு அவனிடமிருந்துதான் முதலில் போனது. அப்புறம் பக்கத்து ஆள். பொட்டலம் கைமாறிப் போகப் போக ஒவ்வொரு வரிசையாகச் சத்தம் அடங்கியது.

"அக்கா" என்றான். "நீ அன்னிக்கே பிரேக் பிடிக்கலன்னு சொன்ன."

அவரைக்காய் உரித்தவர்களில் ஒருத்தி, நாகராஜ் மாமியார், எழுந்து போய் மஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டாம்.

திரும்பும்போதும் பஸ்ஸில் மஞ்சு ஜன்னல் ஓரம். பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தே:

"அன்னிக்கே சொன்னேன்ல."

"சொன்ன."

"நீங்க கோழி கதை சொன்னீங்க."

"சொன்னேன்."

"கோழி நல்லாத்தான் இருந்துச்சு. நானே ரெண்டு தடவ சிரிச்சுட்டேன். அதான் எனக்கு இன்னும் கோவம்."

தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வீட்டு நிறுத்தம் வரும்வரை தோளை அசைக்கவில்லை. இப்போது கழுத்து திரும்பவில்லை. பரவாயில்லை.

ஜூன் 24, செவ்வாய்

புது டிஸ்க், புது பேட், புது ஹோஸ், பெயின்ட் அடித்த கேலிப்பர். எல்லாம் ஏறியது. பழைய வீலுக்குள் அடங்குமா என்று பயந்தேன். ஒரு விரல் இடைவெளியில் அடங்கிவிட்டது. முனிரத்தினம் டேக்கைப் பார்த்து மாட்டினார். "கம்பெனி ஆளு சார் நீங்க. இப்டி எழுதிக் குடுத்தா கண்ண மூடிக்கினு மாட்டலாம்." பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

பெடலை மிதித்தால் பஞ்சு. தரைவரை போகிறது. "ஆயில்ல ஏர் புடிச்சிருக்கு" என்றார். ஏர் எடுத்தோம். மறுபடி எடுத்தோம். ஒரு டப்பா பிரேக் ஆயில் காலி. பஞ்சு பஞ்சாகவே.

ஜூன் 26, வியாழன்

மழை. பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேல் முனிரத்தினம் சந்தேகப்பட்டார். புதிதாகப் போட்டோம். பஞ்சு. என் மேல் சந்தேகப்பட்டிருக்கலாம், படவில்லை. மரியாதைக்காரர்.

ஒண்ணாந்தேதிக்கு ஐந்து நாள். எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டு மேல் எட்டி, "பேசாம வித்துட்டு புதுசு வாங்கிடுங்களேன்" என்றார். அவர் வீட்டு கேட் ஆறு மாதமாக மூடாது. நான் ஏதாவது சொன்னேனா?

பண்ணையிலிருந்து மஞ்சுவுக்கு ஃபோன். சனிக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டுமாம். "சொல்றேங்க மேடம்" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

ஜூன் 28, சனி

முனிரத்தினம் கடை. ஏர் எடுக்க மூன்றாம் முயற்சி. பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டும். முனிரத்தினம் ஒரு வீல், நான் ஒரு வீல். காய்கறி வாங்க வந்த மஞ்சு முருங்கைக்காய்ப் பையோடு நின்றிருந்தாள்.

"அக்கா, சும்மா உக்காந்து அமுக்குங்க. ஓட்ட வேணாம்" என்றார் முனிரத்தினம்.

பையைக் கீழே வைத்தாள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருடம் கழித்து. கதவை மூடவில்லை. ஒரு கால் வெளியே.

"அமுக்கு... புடி... விடு. அமுக்கு... புடி... விடு."

இருபது தடவை. குழாயில் குமிழி வருவதுபோல் வந்து நின்றுவிடும். பெடல் பஞ்சு. மஞ்சு இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"எது வழியா காத்து வரணும்?"

"இந்த நிப்பிள் வழியா." கேலிப்பரில் காற்று வெளியேறும் சின்ன முனையைக் காட்டினேன்.

"இது ஏன் கீழ இருக்கு?"

"என்ன?"

முனிரத்தினம் பக்கம் திரும்பினாள். "அண்ணா, காத்து மேலதானே போவும்? எங்க பண்ணையில சொட்டுநீர் பைப்புக்குக் காத்து வால்வு மேட்டுலதான் வெப்போம். பள்ளத்துல வெச்சா காத்து மேலயே தங்கிக்கும், ஒரு பாத்திக்கும் தண்ணி போவாது. இது பள்ளத்துல இல்ல இருக்கு?"

முனிரத்தினம் எழுந்து இந்த வீலைப் பார்த்தார். போய் அந்த வீலைப் பார்த்தார். பாக்கைத் துப்பினார். "அய்யோ தேவரே."

இரண்டு கேலிப்பரும் பக்கம் மாறி இருக்கிறது.

"சார், யார்டுல எங்க உக்காந்து டேக் எழுதினீங்க?"

காட்டினேன். வண்டிக்கு எதிரே. மூக்கைப் பார்த்து.

"இடது வலதெல்லாம் டிரைவர் சீட்டுலேருந்து சார்!"

கம்பெனியில் பாகம் என் எதிரே மேஜையில் இருக்கும். என் இடது பக்கம் இருந்தால் அது இடது. இருபத்தெட்டு வருடம் அப்படியே எழுதி, அப்படியே பாஸ் பண்ணி வந்திருக்கிறேன். வண்டிக்கு உள்ளே ஒருத்தி உட்கார்ந்து அவள் பக்கத்திலிருந்து பார்ப்பாள் என்று தோன்றவே இல்லை.

மஞ்சு டேக்கைக் கையில் எடுத்தாள். கையெழுத்தைப் படித்தாள். "குவாலிட்டி" என்றாள். அப்புறம், "ஆப்பரேட்டர் தப்புங்களா இது?"

"இன்ஸ்பெக்டர் தப்பு."

சிரித்தாள் பாருங்கள். முனிரத்தினம் சிரித்தார், பக்கத்து டீக்கடை சிரித்தது. என் முகத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தாற்போல் கூசியது. இந்தக் கதையை இனி அவள் சொல்வாள். சொல்லட்டும். கோழி வேண்டுமென்றால் தருகிறேன்.

பக்கம் மாற்றி, நிப்பிள் மேலே பார்க்க மாட்டி, ஏர் எடுத்தது பத்தே நிமிடம். பெடல் பாதியில் நின்றது. மரம் மாதிரி இல்லை, பஞ்சு மாதிரியும் இல்லை.

கடை வாசலிலேயே நின்று பண்ணைக்கு ஃபோன் பண்ணினாள். "ஒண்ணாந்தேதி வர்றேன் மேடம். கார்ல." முருங்கைக்காய்ப் பையை மறந்துவிட்டு வந்துவிட்டோம்.

ஜூன் 29, ஞாயிறு

மேகம், மழையில்லை. வீடு எதுவும் எழும்பாத புது லேஅவுட். அகலத் தார் ரோடு. நாய்கள் இரண்டு, பார்வையாளர்கள்.

மஞ்சு ஏறி முதலில் சீட்டை முன்னால் தள்ளினாள். ஒன்றரை வருடமாக என் தொப்பைக்கு ஏற்ற இடத்தில் இருந்தது. கிரீச் என்றது. கண்ணாடியைத் திருப்பினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க இறங்குங்க."

"புது பேட், பழக்கணும். நாப்பதுல போய் மெதுவா..."

"தெரியும், முனிரத்தினம் அண்ணா சொல்லிட்டாரு. நீங்க பக்கத்துல இருந்தா உங்க முகம்தான் தெரியுது, ரோடு தெரியல."

இறங்கினேன். செங்கல் துண்டால் ரோட்டில் கோடு போட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன், அளவெடுக்க. "தள்ளி நில்லுங்க" என்று கத்தினாள், கண்ணாடி இறக்கி. "இன்னும் தள்ளி. மண்ணுல."

முதல் தடவை கோட்டைத் தாண்டி நாலு அடி. இறங்கப்போகிறாள் என்று நினைத்தேன். ரிவர்ஸ் எடுத்தாள். இரண்டாம் தடவை ஓரடி. மூன்றாவதில் முன் வீலில் புகை. முனிரத்தினத்துக்கு ஃபோன் போட்டேன். "கேலிப்பர் பெயின்ட் காயுது சார், ஃபோன வெய்ங்க" என்றார். நான் காதில் ஃபோனோடு நிற்க, அவள் பாட்டுக்கு நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதில் பம்பர் கோட்டுக்கு நேராக. எட்டாவதும். ஒன்பதாவதில் அவளுக்குக் கோடு தேவைப்படவில்லை. லேஅவுட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். நாய்கள் பின்னாலேயே ஓடின. நானும் கொஞ்ச தூரம்.

"ஒரே மிதி" என்றாள், கண்ணாடி வழியாக. முகம் வேர்த்திருந்தது. "மெல்லத்தான் மிதிச்சேன்."

ஏதாவது ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

பனி மாதிரி தூறல். இன்றைக்கு மட்டும் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டேன். கம்பெனிக்குச் சொன்ன காரணம்: வயிறு. முழுப்பொய் இல்லை.

ஐந்தே முக்காலுக்கே தயார். இளநீலப் புடவை, மேலே பண்ணை ஜாக்கெட். சாவி இரண்டு: கார், குளிர் அறை. இரண்டையும் ஒரே வளையத்தில் போட்டிருந்தாள்.

என் அறிவுரைகள்: ஹெட்லைட் போடு. யானை தெரிந்தால் ஹார்ன் அடிக்காதே. நாகராஜ் வீட்டுப் பக்கம் திரும்பாதே. கடைசிக்கு ஒரு முறைப்பு.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம். உங்களுக்குத்தான். சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தோசை மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு."

கிளம்பிவிட்டாள். தெருமுனையில் பிரேக் லைட் சிவப்பாக எரிந்தது. இரண்டும் எரிந்தன. வண்டி நின்றது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

வண்டி நின்ற இடத்துக்கு வந்தேன். அங்கே மட்டும் தரை காய்ந்திருந்தது. முன் வீல் இருந்த இடத்தில் ஈரம். கையகலம். மறு வீல் இருந்த இடத்திலும்.

பிரேக் ஆயில். இரண்டு பக்கமும் லீக். ஃபோனை எடுத்தேன். ஓட்டும்போது அடித்தால் பதறுவாளே. முனிரத்தினம் இன்னும் எழுந்திருக்க மாட்டார். மண்டி போட்டு விரலால் தொட்டேன். பிசுபிசுப்பு. மூக்கருகே கொண்டுபோனேன்.

எலுமிச்சம்பழம். நசுங்கிய தோல் ஒன்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கமும் ஒன்று.

நான் வைக்கவில்லை.